தூங்கி எழுந்தால் சரியாகிவிடுமா?

"தூக்க மாத்திரைதானே, தூங்கட்டும் விடு. எந்திரிச்சா சரியாப் போயிரும்." மனநோய்க்கான மாத்திரையை அளவுக்கு மீறி விழுங்கிவிட்டவரின் கட்டிலைச் சுற்றி நிற்கும்போது, வீட்டாரின் பதற்றத்தைத் தணிக்க யாராவது ஒரு பெரியவர் நல்ல மனதோடு சொல்லும் வார்த்தை இது. மதுரையில் தல்லாகுளம் பெருமாள் கோயிலிலிருந்து கோரிப்பாளையம் வழியாகப் பெரியாஸ்பத்திரிக்குப் போக ஆட்டோவில் பத்து நிமிடம் போதும். அந்தப் பத்து நிமிடப் பயணம் தொடங்குவதற்கு முன்பே நாலைந்து மணி நேரம் வீட்டில் கழிந்துவிடுகிறது என்றால், அதற்கு இந்த நம்பிக்கைதான் பல நேரம் காரணம். மாத்திரை தொண்டையைத் தாண்டிய பிறகு உடம்புக்குள் நடப்பதை மணிக்கணக்கில் பின்தொடர்ந்து பார்த்தால், அந்த நம்பிக்கை எங்கே பிசகுகிறது என்பது விளங்கிவிடும்.

ஓலன்சபின், ரிஸ்பெரிடோன், குவெட்டியபின், குளோசபின், ஹாலோபெரிடால், அமிசல்பிரைடு என்று இந்த மாத்திரைகளுக்குப் பெயர்கள் பல. உளச்சிதைவு, இருதுருவ மனநோய் போன்றவற்றுக்குத் தரப்படுபவை. மருத்துவர்கள் ஆன்டிசைக்காட்டிக் என்பார்கள். வீடுகளில் நரம்பு மாத்திரை என்றோ தூக்க மாத்திரை என்றோதான் சொல்கிறோம். உண்மையில் இவை தூக்கத்துக்காக உருவானவை அல்ல. மூளையில் டோபமின் என்ற வேதிப்பொருள் போய் அமரும் இடங்களை மறித்து, இல்லாத குரல் கேட்பதையும் இல்லாத பகையை நம்புவதையும் அடக்குவதுதான் இவற்றின் வேலை. தூக்கம் வழியில் சேர்ந்துகொண்ட ஒன்று.

இவற்றைப் பயப்பட வேண்டிய பொருளாகக் காட்டுவது என் நோக்கமில்லை. 1931ல் கொல்கத்தாவில் கணநாத் சென்னும் கார்த்திக் சந்திர போஸும் சர்ப்பகந்தி வேரை மனநோய்க்கும் இரத்தக் கொதிப்புக்குமான மருந்தாக மருத்துவ இதழில் எழுதினார்கள். 1950 டிசம்பரில் பிரான்சில் பால் ஷார்பான்டியே குளோர்புரோமசினை உருவாக்கினார். 1952ல் பாரிஸில் ழான் டிலேயும் பியர் டெனிக்கரும் அதை மனநோயாளிகளுக்குக் கொடுத்துப் பலனைப் பதிவு செய்தார்கள். அதற்கு முன்பு பெரும்பாலும் கட்டிவைப்பதும் அடைத்துவைப்பதும்தான் வைத்தியம். நம் பக்கத்தில் அது வெகுகாலம் நீடித்தது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த கொட்டகை தீப்பற்றியபோது 28 பேர் இறந்துபோனார்கள். சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் போனவர்கள் அவர்கள். இன்று நம் தெருவிலேயே ஒருவர் காலையில் எழுந்து, குளித்து, வேலைக்குப் போய் வருகிறார் என்றால், இரவில் அவர் போடும் ஒற்றை மாத்திரை அதற்குப் பின்னால் இருக்கலாம். ஆகவே இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது.

அளவு மீறுவது பல வழியில் நடக்கிறது. தாத்தாவின் டப்பாவைத் திறந்து, வண்ண மாத்திரையை மிட்டாய் என்று நினைத்து வாயில் போட்டுக்கொள்கிறது ஒரு குழந்தை. போட்டோமா இல்லையா என்று மறந்துபோய் மறுபடியும் போடுகிறார் ஒரு மூதாட்டி. மனம் உடைந்த ஒரு நேரத்தில் கையில் கிடைத்ததை விழுங்கிவிடுகிறார் வேறொருவர். மூன்றிலும் உடம்பு செய்யும் வேலை ஒன்றுதான்.

மாத்திரை முதலில் இரைப்பையில் உடைந்து கரைய வேண்டும். கரைந்தது சிறுகுடலுக்கு இறங்கினால்தான் இரத்தத்துக்குள் ஏறும். வழக்கமான அளவிலேயே இதற்கு எடுக்கும் நேரம் மருந்துக்கு மருந்து மாறும். சாதாரணக் குவெட்டியபின் மாத்திரை ஒன்றரை மணி நேரத்தில் இரத்தத்தில் உச்சத்தைத் தொடும். ஓலன்சபினுக்கு ஏறக்குறைய ஆறு மணி நேரம் ஆகும். மாலை ஆறு மணிக்கு விழுங்கியவர் ஏழு மணிக்குத் தெளிவாகப் பேசுகிறார், காபி கேட்கிறார், "ஒண்ணுமில்லம்மா, நல்லாத்தான் இருக்கேன்" என்கிறார். அவர் சொல்வது அந்த நேரத்துக்கு உண்மை. மருந்தின் உச்சமோ நள்ளிரவில்தான் வரப்போகிறது. அதற்குள் வீடே விளக்கணைத்துப் படுத்துவிட்டிருக்கும்.

அளவு மீறும்போது இந்த நேரக் கணக்கும் குழம்பிவிடுகிறது. இம்மருந்துகளில் பல, குடலை அசையவைக்கும் நரம்புச் செய்தியையும் மறிக்கின்றன. வயிற்றில் மருந்து மிகுந்தால் குடல் மந்தமாகிறது. குடல் மந்தமானால் கரையாத மாத்திரை கீழே இறங்காமல் தங்குகிறது, தங்கியதிலிருந்து மருந்து சிறுகச் சிறுக ஏறிக்கொண்டே இருக்கிறது. தன் வரவைத் தானே நீட்டித்துக்கொள்ளும் மருந்து என்று சொல்லலாம்.

மெல்ல மெல்ல வெளியாகும்படி செய்த மாத்திரைகளில் இது இன்னும் தீவிரம். அட்டையில் பெயருக்குப் பின்னால் எஸ்.ஆர்., எக்ஸ்.ஆர்., ஈ.ஆர். என்று ஏதாவது எழுத்து இருந்தால் அது அந்த வகை. தண்ணீர் பட்டால் ஊறிப் பசைபோல ஆகும் ஒரு பொருளுக்குள் மருந்தை வைத்திருப்பார்கள். ஒரு மாத்திரை தனியாக இருந்தால் அது ஒழுங்காகக் கரையும். பல ஒன்றாகச் சேர்ந்துவிட்டால் ஒன்றோடொன்று ஒட்டி இரைப்பையில் கட்டியாகத் தங்கிவிடுவது உண்டு. குவெட்டியபினின் இந்த வகையை அளவு மீறி விழுங்கியவர்களின் வயிற்றுக்குள் எண்டோஸ்கோப்பி குழாயை விட்டுப் பார்த்து, இப்படிப்பட்ட கட்டிகளைக் கண்டதை 2013ல் சுவிட்சர்லாந்தின் நச்சுத் தகவல் மையத்தினர் வெளியிட்டார்கள். சாதாரண வகை என்றால் குறைந்தது ஆறு மணி நேரம், இந்த வகை என்றால் 12 மணி நேரமோ அதற்கு மேலோ வைத்துப் பார்க்க வேண்டும் என்று மருத்துவர்கள் சொல்வதற்குக் காரணம் இதுதான். "நல்லாத்தான இருக்கான், வீட்டுக்கு அனுப்பிருங்க டாக்டர்" என்று கையெழுத்துப் போட்டுக் கூட்டிப்போகத் துடிக்கும் உறவினர்கள் இதை ஒருமுறை நினைத்துப் பார்க்க வேண்டும்.

அவசரப் பிரிவின் வாசலில் சொந்தக்காரர்கள் கேட்கும் முதல் கேள்வி, "வயிறு கழுவியாச்சா?" மூக்கு வழியே ரைல்ஸ் டியூப் போட்டு, தண்ணீரை உள்ளே விட்டு வெளியே எடுப்பது நம் ஊர் மக்கள் கண்ணால் கண்ட வைத்தியம், அதனால் நம்பிக்கையும் அதன் மேல்தான். ஆனால் 1997லேயே அமெரிக்க, ஐரோப்பிய நச்சியல் அமைப்புகள் கூட்டாகக் கூடி, எல்லோருக்கும் வழக்கமாக வயிறு கழுவுவதில் பலன் இல்லை என்று அறிவித்துவிட்டன. தூக்கக் கலக்கத்தில் இருப்பவருக்கு வயிற்றில் இருப்பது மேலே வந்து நுரையீரலுக்குள் இறங்கிவிட்டால், விழுங்கிய மருந்தைவிட அதுவே பெரிய ஆபத்து. டாக்டர் கழுவவில்லை என்றால் கவனிக்கவில்லை என்று பொருள் கொள்ள வேண்டாம்.

கழுவுவதற்குப் பதிலாகச் சிலருக்குக் கரித்தூள் கொடுப்பார்கள். கறுப்பாக, மணல் கலந்த கஞ்சிபோல இருக்கும். இந்தச் செறிவூட்டிய கரியை நம் தேங்காய்ச் சிரட்டையிலிருந்தும் செய்கிறார்கள், தமிழ்நாட்டில் காங்கேயம் பக்கம் இது ஒரு தொழில். சிரட்டையைக் கரியாக்கி, அதன் பிறகு உயர்ந்த வெப்பத்தில் நீராவி பாய்ச்சினால் கரிக்குள் எண்ணற்ற நுண்துளைகள் உண்டாகும். ஒரு கிராம் தூளில் அந்தத் துளைச் சுவர்களையெல்லாம் விரித்துப் பார்த்தால் ஆயிரம் சதுர மீட்டர் அளவுக்கு வரும். மருந்து மூலக்கூறுகள் அதில் ஒட்டிக்கொண்டு மலத்தோடு போய்விடும். வீட்டு அடுப்புக் கரிக்கு இந்தக் குணம் கிடையாது. அதை அரைத்துக் கொடுத்தால் மூச்சுக்குழாயில் இறங்கிவிடும் அபாயம்தான் மிஞ்சும்.

கரித்தூள் எல்லா நஞ்சுக்கும் பலன் தருமா என்ற கேள்விக்கு நமக்கு மிக நெருங்கிய ஊர்களிலிருந்தே விடை வந்தது. மைக்கேல் எடில்ஸ்டன் குழுவினர் இலங்கையின் அனுராதபுரம், பொலன்னறுவை, குருநாகல் மருத்துவமனைகளில் 4,632 பேரை வைத்து நடத்திய ஆய்வு 2008ல் லான்செட் இதழில் வந்தது. கரித்தூள் கொடுத்தவர்களுக்கும் கொடுக்காதவர்களுக்கும் இறப்பில் வேறுபாடு தெரியவில்லை. அங்கே வந்தவர்களில் பெரும்பாலோர் உட்கொண்டது பூச்சிக்கொல்லி, மஞ்சள் அரளி விதை. மனநோய் மாத்திரையின் கதை வேறு மாதிரி. ஆஸ்திரேலியாவின் நியூகாசிலில் ஜெஃப்ரி இஸ்பிஸ்டர் குழு குவெட்டியபின் மிகையளவில் வந்தவர்களின் இரத்தத்தை அடுத்தடுத்து எடுத்து அளந்தது. கரித்தூள் கொடுத்தவர்களுக்கு உடம்புக்குள் ஏறிய மருந்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. ஆனால் இதற்கு இரண்டு நிபந்தனை உண்டு. சீக்கிரம் வந்திருக்க வேண்டும், விழுங்கும் நிலையில் விழித்திருக்க வேண்டும். வீட்டில் தூங்கவிட்டவருக்கு இரண்டுமே கைநழுவிப் போகிறது.

குடலிலிருந்து ஏறிய இரத்தம் நேராக உடம்பெங்கும் போய்விடுவதில்லை. முதலில் கல்லீரலுக்குத்தான் போகும். அங்கே ஒரு பகுதி மருந்து அப்போதே சிதைக்கப்படுகிறது. ஓலன்சபினில் ஏறக்குறைய 40 விழுக்காடு இந்த முதல் கடப்பிலேயே போய்விடும். சில மருந்துகளில் ஒரே நேரத்தில் வெள்ளமாக வந்தால் கல்லீரலின் நொதிகளுக்குக் கைகொள்ளாது. வழக்கமாக மறிக்கப்படும் பங்கும் தப்பி உள்ளே போகும். இரண்டு மடங்கு விழுங்கினால் இரத்தத்திலும் சரியாக இரண்டு மடங்குதான் இருக்கும் என்று கணக்குப் போட முடியாது.

இனி வருவதுதான் இந்த மருந்துகளைப் புரிந்துகொள்ளத் திறவுகோல். அறுபது கிலோ எடையுள்ள ஒருவரின் உடம்பில் இருக்கும் தண்ணீர் மொத்தமும் நாற்பது லிட்டருக்குள்தான். ஓலன்சபின் பரவியிருக்கும் கொள்ளளவைக் கணக்கிட்டால் சுமார் ஆயிரம் லிட்டர் என்று வருகிறது. ஓர் உடம்புக்குள் ஆயிரம் லிட்டர் எப்படி அடங்கும்? மதுரையில் சுங்குடிச் சேலைக்குச் சாயம் ஏற்றுகிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. தொட்டியில் சாயத்தைக் கலக்கித் துணியை முக்கி எடுத்த பிறகு தொட்டித் தண்ணீரைப் பார்த்தால் வெளிறிப்போயிருக்கும். அந்தத் தண்ணீரை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால், போட்ட சாயத்துக்கு இது எவ்வளவு பெரிய தொட்டியாக இருந்திருக்க வேண்டும் என்று தோன்றும். சாயம் எங்கேயும் போகவில்லை, துணியில் ஏறிவிட்டது. இந்த மருந்துகளில் பெரும்பாலானவை கொழுப்பை விரும்புபவை. மூளை, கல்லீரல், நுரையீரல், கொழுப்புத் திசு ஆகியவற்றுக்குள் புகுந்து தங்கிவிடும். ஓலன்சபினில், இரத்தத்தில் மிஞ்சியிருக்கும் கொஞ்சத்திலும் 93 விழுக்காடு புரதங்களோடு பிணைந்து கிடக்கும்.

"டயாலிசிஸ் பண்ணி மருந்த எடுத்திர முடியாதா சார்?" என்று படித்த பிள்ளைகள் கேட்பதுண்டு. கேட்க வேண்டிய கேள்விதான். டயாலிசிஸ் இரத்தத்தைத்தான் வடிகட்டும். தொட்டித் தண்ணீரை எத்தனை முறை வடித்தாலும் சேலையின் சாயம் வெளுக்காது. இரத்தத்தில் மருந்தின் அளவைச் சோதித்துச் சொல்லும் எண்ணும் இதனால்தான் அவ்வளவாக உதவுவதில்லை. டாக்டர் எண்ணைப் பார்ப்பதைவிட ஆளைப் பார்ப்பதில் கவனமாக இருக்கிறார். மூச்சு, இரத்த அழுத்தம், நாடி, ஈசிஜி, கண்ணின் பாவை, கூப்பிட்டால் திரும்புகிறாரா என்பது.

பாவையை டார்ச் அடித்துப் பார்க்கும்போது ஒரு புதிர் வரும். இந்த மருந்துகளில் சில, பாவையை விரிக்கும் வேலையையும் சுருக்கும் வேலையையும் ஒரே நேரத்தில் செய்கின்றன. ஓலன்சபின் மிகையளவில் பெரும்பாலும் சுருக்கமே வெல்லும். பாவை ஊசிமுனை அளவுக்குச் சிறுத்து, ஆளும் அசைவற்றுக் கிடந்தால், அபின் வகைப் போதை மருந்தோ என்று சந்தேகம் எழும். கூட வந்தவர் கையில் மாத்திரை அட்டையைக் கொண்டுவந்திருந்தால் அந்தச் சந்தேகம் ஒரு நிமிடத்தில் தீர்ந்துவிடும்.

மூளைக்குள் மருந்து டோபமினோடு மட்டும் நிற்பதில்லை. ஹிஸ்டமின் இடங்களை மறிப்பதால் தூக்கம். அசிட்டைல்கொலின் இடங்களை மறிப்பதால் வாய் வறட்சி, வேகமான நாடி, சிறுநீர் அடைப்பு, பிதற்றல். இரத்தக் குழாய்களை இறுக்கிப் பிடிக்கும் ஆல்ஃபா ஏற்பிகளை மறிப்பதால் அழுத்தம் சரிவு. ஒவ்வொன்றும் வெவ்வேறு வேகத்தில் ஏறி இறங்குவதால் நோயாளியின் நிலை ஒரே கோட்டில் போகாது. ஓலன்சபினில் இது தெளிவாகத் தெரியும். அரை மணி நேரம் தட்டினாலும் எழாதவர் திடீரென்று எழுந்து உட்கார்ந்து, கையில் குத்தியிருக்கும் டிரிப்ஸ் ஊசியைப் பிடுங்கி எறிந்து, யாரையும் அடையாளம் தெரியாமல் முறைத்துவிட்டு, மறுபடி சரிந்து தூங்குவார். "தெளிஞ்சிருச்சு" என்று அப்போது சந்தோஷப்பட்டுப் பக்கத்தில் இருந்தவர் டீ குடிக்கக் கீழே இறங்கினால், நோயாளி கட்டிலிலிருந்து விழுவதும் அந்த நேரத்தில்தான்.

ஆழ்ந்த உறக்கத்தில் நாக்கு பின்னால் சரியும், தொண்டையின் ஓங்கரிப்பு மழுங்கும், எச்சிலும் வாந்தியும் நுரையீரலுக்குள் இறங்கும். வீட்டில் தூங்கவிடுவதன் நேரடி ஆபத்து இங்கேதான். குறட்டை விடுகிறார், நன்றாகத் தூங்குகிறார் என்று வீட்டார் ஆறுதல் கொள்ளும் அந்த ஒலி, பாதி அடைபட்ட மூச்சுப் பாதையின் ஒலியாக இருக்கலாம்.

இதயத்திலும் ஒரு வேலை நடக்கிறது. ஒவ்வொரு துடிப்புக்கும் பிறகு இதயச் செல்கள் பொட்டாசியத்தை வெளியே தள்ளித் தங்களை மறுபடி தயார் செய்துகொள்ளும். இம்மருந்துகளில் சில, பொட்டாசியம் வெளியேறும் வாயிலை அடைக்கும். தயாராகும் நேரம் நீளும். ஈசிஜி தாளில் க்யூ என்ற அலைக்கும் டி என்ற அலைக்கும் இடையிலான தூரம் நீண்டு தெரியும். நீண்டுவிட்டால் தாளம் தப்பும் அபாயம் உண்டு. வெளியிலிருந்து பார்க்க ஆள் அமைதியாக இருப்பார், வலிகூட இருக்காது. தாளில் மட்டும்தான் தெரியும். நெஞ்சில் ஒயரை ஒட்டி, ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை, நாலு மணி நேரத்துக்கு ஒரு முறை என்று ஈசிஜி எடுப்பதைப் பார்த்து, "எதுக்கு இத்தன தடவ?" என்று சலித்துக்கொள்ள வேண்டியதில்லை. தாளம் தப்பினால் கொடுக்க மெக்னீசியம் ஊசி இருக்கிறது. அது இருக்கும் இடத்தில் நோயாளி இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

மாற்று மருந்து ஏதும் கிடையாதா என்றால், கிடையாது. பாம்புக் கடிக்கு இருப்பதுபோல ஒரு நேரடி முறிமருந்து இந்த மாத்திரைகளுக்கு இல்லை. உடம்பு தன் வேலையை முடிக்கும் வரை மூச்சையும் அழுத்தத்தையும் தாளத்தையும் தாங்கிப் பிடித்திருப்பதுதான் சிகிச்சை. அதிலும் நுட்பம் உண்டு. அழுத்தம் சரிந்தால் முதலில் டிரிப்ஸ். அதற்கும் ஏறாவிட்டால் அட்ரினலினைத் தவிர்த்து நார்அட்ரினலின் கொடுக்கிறார்கள். ஆல்ஃபா ஏற்பிகள் மறிக்கப்பட்ட உடம்பில் அட்ரினலின் கொடுத்தால் இரத்தக் குழாய்கள் இறுகுவதற்குப் பதில் தளர்ந்து, அழுத்தம் இன்னும் இறங்கிவிடக்கூடும். இப்படித் தாங்கிப் பிடிக்கப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் பிழைத்து வீடு திரும்புகிறார்கள். சரியான நேரத்தில் வந்து சேர்வதில்தான் எல்லாம் இருக்கிறது.

உடம்பு தன் வேலையை எப்படி முடிக்கிறது? கல்லீரல் இந்தக் கொழுப்பு விரும்பிகளைத் தண்ணீரில் கரையும் பொருளாக மாற்றியாக வேண்டும், இல்லாவிட்டால் சிறுநீரகம் அவற்றைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். ஓலன்சபினோடு ஒரு சர்க்கரை அமிலத்தைச் சேர்ப்பது ஒரு வழி, சிப் 1ஏ2 என்ற நொதி அதை உயிர்வளியேற்றம் செய்வது இன்னொரு வழி. மாறாத வடிவில் சிறுநீரில் போவது 7 விழுக்காடு மட்டுமே. மற்றது உருமாறி, பாதிக்கு மேல் சிறுநீரிலும் ஒரு பகுதி பித்தநீர் வழியாக மலத்திலும் போகிறது. ரிஸ்பெரிடோனில் கல்லீரல் மாற்றித் தரும் பொருளே இன்னொரு முழு வீரியமுள்ள மருந்து. அதையே தனியாகப் பாலிபெரிடோன் என்ற பெயரில் விற்கிறார்கள். அங்கே முதல் மருந்து குறைந்துவிட்டது என்பதால் பாதிப்பும் குறைந்துவிட்டது என்று சொல்ல முடியாது. அமிசல்பிரைடு இதற்கெல்லாம் விலக்கு. அதைக் கல்லீரல் பெரிதாகத் தொடுவதில்லை, சிறுநீரகம்தான் வெளியேற்றுகிறது. ஆகவே கிட்னி பழுதானவர்களுக்கு அது நெடுநேரம் தங்கும்.

பீடி, சிகரெட் புகை சிப் 1ஏ2 நொதியைத் தூண்டிப் பெருக்குகிறது. புகைப்பவரின் கல்லீரல் ஓலன்சபினையும் குளோசபினையும் மற்றவர்களைவிட வேகமாகச் சிதைக்கும். இதைச் செய்வது நிகோட்டின் இல்லை, எரிந்த புகையில் இருக்கும் ஹைட்ரோகார்பன்கள். வெற்றிலையோடு புகையிலை மெல்லுகிறவருக்கு இந்த வேகம் வராது. நாள் முழுக்கப் பீடி குடித்தவர் வார்டில் சேர்ந்ததும் பீடி நின்றுபோகும், சில நாட்களில் நொதியும் பழைய அளவுக்கு இறங்கும், அப்போது மருந்து தங்கும் நேரம் கூடும். டாக்டர் பீடிப் பழக்கத்தைப் பற்றி விசாரித்தால் அதில் இந்தக் கணக்கும் உண்டு, புத்தி சொல்ல வருகிறார் என்று நினைத்து மறைக்க வேண்டாம்.

பிறப்பிலேயே வேறுபாடுகளும் உண்டு. ரிஸ்பெரிடோனை மாற்றும் சிப் 2டி6 நொதி சிலருக்கு மந்தமாகவே அமைந்திருக்கும். புதுச்சேரி ஜிப்மரில் டாக்டர் சி. ஆதித்தன் குழுவினர் தமிழர்கள் உள்ளிட்ட தென்னிந்தியர்களின் இந்த மரபணு வேறுபாடுகளை ஆராய்ந்திருக்கிறார்கள். அப்படி மந்த நொதி உள்ளவர்கள் நூற்றுக்கு ஒரு சிலர். "அன்னைக்கு அந்தப் பையன் இதே மாத்திரையத்தான் போட்டான், காலையில எந்திரிச்சுட்டான்" என்று பக்கத்து வீட்டு உதாரணத்தை வைத்து முடிவெடுக்கக் கூடாது என்பதற்கு இது ஒன்றே போதும். ஏற்கெனவே பல ஆண்டுகளாக மருந்து எடுத்துப் பழகிய உடம்புக்கும், முதன்முறையாகப் பார்க்கும் உடம்புக்கும் இடையில் இன்னொரு பெரிய வேறுபாடு இருக்கிறது. தாத்தா தினமும் போட்டும் அசராமல் நடமாடுகிற அந்த ஒற்றை மாத்திரை பேரனைக் கட்டிலில் சாய்த்துவிடும்.

குழந்தைகளிடம் சில சமயம் வேறொரு காட்சியும் வரும். கழுத்து ஒரு பக்கமாக முறுக்கிக்கொள்ளும், கண்விழி மேலே செருகும், நாக்கு வெளியே தள்ளும், முதுகு வில்லாக வளையும். ஹாலோபெரிடால் வகையில் இது அதிகம். பார்ப்பவர்களுக்கு வலிப்போ, பேயோ, ரணஜன்னியோ என்று தோன்றும். மந்திரிக்கத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். தசையை ஆளும் மூளைப் பகுதியில் டோபமின் திடீரென்று மறிக்கப்பட்டதால் வரும் இழுப்பு அது, குழந்தை பெரும்பாலும் முழு நினைவோடு, பயந்துபோய் இருக்கும். புரோமெத்தசின் போன்ற ஊசி ஒன்று போட்டால் சிறிது நேரத்திலேயே தளர்ந்து, அம்மாவிடம் தாவும். அதற்கும் வீட்டில் யாருக்கு என்ன மாத்திரை என்று அம்மா சொல்லியிருக்க வேண்டும்.

ஓலன்சபினின் பாதியளவு வெளியேற 21 முதல் 54 மணி நேரம் வரை பிடிக்கும், சராசரியாக முப்பது மணி நேரத்தை ஒட்டி. முப்பது மணியில் பாதி, அறுபதில் கால், தொண்ணூறில் அரைக்கால் என்று இறங்கி, ஏறக்குறைய எல்லாம் போக ஆறு நாள் ஆகும். ஆள் அதற்கு வெகு முன்பே கண்விழித்துவிடுவார். சாப்பிடுவார், பேசுவார். திசுக்களிலிருந்து மருந்து இரத்தத்துக்குத் திரும்பி வந்துகொண்டே இருக்கும். எழுந்து நின்றால் தலை சுற்றிக் கீழே விழக்கூடும், வண்டி ஓட்டக் கூடாது. வியர்வையும் குறைந்திருப்பதால் மதுரையின் சித்திரை வெயிலில் வெளியே அனுப்பக் கூடாது. அடுத்த சில நாட்களில் கடும் காய்ச்சலும் உடம்பு விறைப்பும் சேர்ந்து வந்தால் உடனே திரும்பிக் கொண்டுவர வேண்டும். தூங்கி எழுந்ததும் சரியாகிவிட்டது என்ற கணக்கு இங்கும் செல்லாது.

வீட்டில் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். உப்புத் தண்ணீர், புளித் தண்ணீர், சோப்புத் தண்ணீர், சாணிக் கரைசல் எதையும் ஊற்றக் கூடாது. விரல் விட்டு வாந்தி எடுக்கவைக்கக் கூடாது. மயக்கமாக இருந்தால் இடது பக்கமாகச் சாய்த்துப் படுக்கவைத்து 108ஐ அழைக்க வேண்டும். கூடவே அட்டையை எடுத்துப் போக வேண்டும். இதில் நம் ஊருக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. கடையில் தேவையான அளவுக்குக் கத்தரிக்கோலால் வெட்டிக் கொடுக்கும்போது பெயர் ஒரு துண்டிலும் காலாவதி தேதி இன்னொரு துண்டிலும் போய்விடும். கையில் இருப்பது வெறும் வெள்ளித் தாள். பெயர் தெரியாவிட்டால் சீட்டு, அதுவும் இல்லாவிட்டால் மாத்திரை போட்டுக் கொடுத்த காகிதக் கவர், மிச்ச மாத்திரை ஒன்று, எது கிடைக்கிறதோ அது. எப்போது விழுங்கினார், குடித்திருந்தாரா, வேறு மாத்திரையும் சேர்த்தா, தினமும் போடுகிறவரா என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

மறைப்பதற்குப் பெரிய காரணம் போலீஸ் பயம். மருத்துவமனையில் ஏ.ஆர். என்ட்ரி, அதாவது விபத்துப் பதிவேட்டில் பதிவு, போடுவார்கள் என்பது உண்மை. ஆனால் 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கொள்ள வேண்டும், அதற்காக விசாரித்துத் தண்டிக்கக் கூடாது என்கிறது. அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் தருவது அரசின் கடமை என்றும் சொல்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில், தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவே இல்லை. கேஸ் ஆகிவிடும் என்று பயந்து பொழுது விடியட்டும் எனக் காத்திருந்த குடும்பங்கள் எத்தனையோ. அந்தப் பயத்துக்குச் சட்டத்தில் இனி இடமில்லை என்பதை ஒவ்வொரு மருந்துக் கடையிலும் எழுதி ஒட்டலாம் என்று நினைக்கிறேன்.

நினைவு திரும்பியவரிடம் முதல் நாளே "ஏன்டா இப்படிப் பண்ணுன?" என்று குறுக்கு விசாரணை செய்ய வேண்டாம். மருந்தின் கலக்கம் இன்னும் போகவில்லை, பதில் சொல்லும் நிலையிலும் அவர் இல்லை. மனநல மருத்துவர் வந்து பார்ப்பார். நிறுத்திய மருந்தை எந்த நாளில், எந்த அளவில் மறுபடி தொடங்குவது என்று அவர்தான் சொல்ல வேண்டும். பயந்துபோய் வீட்டாரே முழுவதுமாக நிறுத்திவிட்டால் சில வாரங்களில் பழைய நோய் திரும்பும், அதன் பிறகு மறுபடியும் இதே ஆபத்து. வீட்டில் மாற்ற வேண்டியது மாத்திரை இருக்கும் இடத்தை. கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயில் பகுதிக் கிராமங்களில் பூச்சிக்கொல்லிகளைப் பொதுவான பூட்டுப் பெட்டிகளில் வைக்கும் முயற்சியை மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் குழுவினர் நடத்திக் காட்டினார்கள். ஆபத்தான பொருள் கைக்கெட்டும் தூரத்தில் இல்லாதபோது, அந்த ஒரு பொல்லாத நேரம் கடந்துவிடுகிறது. மாத்திரைக்கும் அதே வழிதான். மாதத்துக்கானதை மொத்தமாக மேசையில் வைக்காமல் பூட்டி வைத்து, அன்றன்றைக்கு உள்ளதை மட்டும் ஒருவர் எடுத்துக் கொடுப்பது. வாரத்துக்கு மட்டும் எழுதிக் கொடுங்கள் என்று டாக்டரிடம் கேட்கலாம், சங்கடப்பட ஒன்றுமில்லை.

மனம் உடைந்து உட்கார்ந்திருப்பவருக்கோ, அவரைப் பார்த்துக்கொள்ளும் வீட்டாருக்கோ பேச ஆள் வேண்டுமென்றால் தமிழ்நாடு அரசின் 104, மத்திய அரசின் டெலிமானஸ் 14416 இரண்டிலும் தமிழில் பேசலாம். நடு இரவிலும் எடுப்பார்கள்.